ஒரு கோலில் தோற்ற ராத்திரி நோட்டில் என்ன எழுதுவது

2019 செப்டம்பர் 5, வியாழக்கிழமை. குவாஹாத்தியில் ஓமனுடன் இந்தியாவுக்கு உலகக் கோப்பைக் கால்பந்து தகுதிச் சுற்று ஆட்டம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டு ஹாலில் நான், என் மச்சான், கீழ் வீட்டு அண்ணன். 24ஆவது நிமிடத்தில் பிராண்டன் ஃபெர்னாண்டஸ் ஃப்ரீகிக்கைத் தூக்கிப் போடாமல் தரையோடு தள்ளிவிட்டார். கேப்டன் சுனில் சேத்ரி ஓடிவந்து இடது காலால் அடித்தார். 1-0. அந்த ஒன்றை 81 நிமிடம் வரை கட்டிக் காத்தோம். 82இல் ஒன்று வாங்கினோம், 90இல் இன்னொன்று. இரண்டையும் அடித்தது ஒரே ஆள், அல் மந்தர் அல் அலாவி. 1-2.

அண்ணன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். "நல்லாதான் தம்பி ஆடினாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இந்த வரியைச் சொல்லாத ரசிகன் கிடையாது. பிரச்சினை என்னவென்றால், இதை எந்தத் தோல்விக்கும் சொல்லலாம். நன்றாக ஆடினார்கள் என்றால் எதை, எந்த நிமிடத்தில், யார்? அதை எழுதி வைத்து, அடுத்த ஆட்டத்தில் நடந்ததா என்று பார்க்க முடிந்தால் அது நல்ல அறிகுறி. பார்க்க முடியாவிட்டால் அது ஆறுதல். ஆறுதல் தப்பில்லை, ஆனால் இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது. நான் இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பல வருடம் தப்புத் தப்பாக எழுதிப் பழகிய முறை இது.

முதலில் சாப்பிடுங்கள். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குப் பேனாவைத் தொடாதீர்கள், போனையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் நான் எழுதியவற்றில் பாதி ரெஃப்ரியைப் பற்றித்தான் இருக்கிறது. அதே சமயம் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். காலையில் ஹைலைட்ஸ் பார்த்துவிடுவீர்கள். ஹைலைட்ஸில் இருப்பது கோல் பக்கம் நடந்த ஆறேழு நிமிடம் மட்டும். மற்ற நேரம் ஒரு அணி மூச்சு முட்டிக் கிடந்ததா, நிம்மதியாகப் பந்து தட்டியதா என்பது அதில் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் எழுதினால்தான் சொந்தக் கண்ணில் பட்டது நோட்டுக்கு வரும்.

பக்கத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு போடுங்கள். அதை ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள், கட்டத்துக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பந்து அதிகம் எதிராளி பாதியில் இருந்ததாக நினைவிருந்தால் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. நம் பாதியில் கிடந்திருந்தால் கீழே. ஞாபகம் இல்லையென்றால் கோட்டிலேயே. துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஓமன் ஆட்டத்துக்கு நான் போட்ட புள்ளிகள் முதல் பாதியில் மேலே இருந்து, இடைவேளைக்கு அப்புறம் மாடிப்படி மாதிரி இறங்கி, கடைசி இரண்டு கட்டத்தில் நோட்டின் அடியில் போய் நின்றன. ஸ்கோர் மட்டும் பார்த்தவனுக்கு அது எட்டு நிமிடத்தில் வந்த விபத்து. புள்ளிகளைப் பார்த்தால் அரை மணி நேரமாக வந்துகொண்டிருந்த கோல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்னிலையில் இருக்கும் அணி தானாகவே பின்வாங்கும். அதனால் தோற்ற அணியின் கடைசிக் கட்டப் புள்ளிகள் பெரும்பாலும் அழகாக மேலே இருக்கும். "கடைசிப் பத்து நிமிஷம் அவங்களை மூச்சு விட விடலை" என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான். பாதி நேரம் அது நம் சாமர்த்தியம் அல்ல, அவர்கள் விட்டுக்கொடுத்த இடம். ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பாருங்கள். அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது வாய்ப்புகள். நான் ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர்) டோர்னமென்ட்களில் லெஃப்ட் பேக் ஆடினவன். அதனாலோ என்னவோ, யார் அடித்தான் என்பதைவிடப் பந்து அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதில்தான் என் கண் போகும். நம் அணிக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ஓடும் பந்து, நின்ற பந்து, தானம். கார்னரும் ஃப்ரீகிக்கும் பெனால்ட்டியும் நின்ற பந்து. எதிராளி பேக் வழுக்கி விழுந்து கொடுத்தது தானம். மூன்று பாஸ் போட்டு, ஆளைத் தாண்டி, நாமாக உருவாக்கியது ஓடும் பந்து. தானம் அடுத்த வாரம் வராது. நின்ற பந்து வரும், ஆனால் அடிக்கிறவனுக்குக் கால் வலித்தால் வராது. ஓடும் பந்தில் வந்த வாய்ப்புதான், கோலாகாவிட்டாலும், பழக்கமாக வாய்ப்பு உள்ளது.

எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ்) கணக்குப் போடுகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு ஷாட் அந்த இடத்திலிருந்து கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று பழைய ஷாட்களை வைத்துச் சொல்வார்கள். பெனால்ட்டிக்கு முக்காலுக்குக் கொஞ்சம் மேல். பாக்ஸுக்கு வெளியே தூரத்திலிருந்து அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கு நூற்றில் மூன்று, நான்கு. இதைத் தெரிந்துகொண்டபின் கிராஸ்பாரில் பட்ட பந்தைப் பற்றிய என் பேச்சு குறைந்துவிட்டது. கம்பியில் பட்டதற்கென்று தனி மார்க் கிடையாது. எங்கிருந்து அடித்தான், அங்கே எப்படி வந்தான் என்பதற்குத்தான் மார்க். (அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவர் கணக்கில் கம்பி அரை கோல்.)

ஆட்களைப் பற்றி எழுதும்போது வயதையும் சேர்த்து எழுதுங்கள். 2018 உலகக் கோப்பையில் மொராக்கோவை நினைத்துப் பாருங்கள். ஈரானிடம் இஞ்சுரி டைமில் சேம் சைடு கோல் வாங்கி 0-1. போர்ச்சுகலிடம் 4ஆவது நிமிடத்தில் ரொனால்டோ ஹெட்டர், 0-1. இரண்டாவது ஆட்டத்திலேயே கதை முடிந்தது. மூன்றாவதில் ஸ்பெயினோடு 2-2. மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்த அணியில் ஹக்கிமிக்கு 19 வயது, மாற்று ஆளாக இறங்கி ஸ்பெயினுக்கு எதிராக ஹெட்டரில் கோல் போட்ட என்-நெசிரிக்கு 21. நான்கு வருடம் கழித்து 2022 கத்தாரில், காலிறுதியில், அதே போர்ச்சுகலை 1-0 என்று வென்றார்கள். கோல் என்-நெசிரி, அதுவும் ஹெட்டர். அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி. நடுவில் கோச் மாறினார், நிறைய மாறியது, ஆகவே 2018லேயே எல்லாம் தெரிந்தது என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் 35 வயதுக்காரர் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றதும், 19 வயதுக்காரன் அப்படித் தோற்றதும் நோட்டில் ஒரே வரியாக இருக்கக் கூடாது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2017 அக்டோபர் 9, டெல்லி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, எதிரில் கொலம்பியா. 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, ஜீக்சன் சிங் தலையால் முட்டி 1-1. உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல். நாங்கள் குதித்து முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியா அடித்துவிட்டது. 1-2. அதிலிருந்து கோல் போட்டபின் வரும் ஐந்து நிமிடத்துக்கு என் நோட்டில் தனி இடம் உண்டு. அந்தப் பையன்களில் ஜீக்சன், சுரேஷ் சிங், அன்வர் அலி, அமர்ஜித் எல்லாம் பின்னாளில் சீனியர் அணிக்கு ஆடினார்கள்.

கோல்கீப்பர் பிரமாதமாக ஆடினார் என்று எழுதுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அது நல்ல செய்தியும்தான், அவருக்கு அவ்வளவு வேலை வந்தது என்பதால் கெட்ட செய்தியும்தான். ரெஃப்ரி, மழை, டாஸ் இதற்கெல்லாம் நோட்டில் இடம் தர வேண்டாம்.

கடைசியாக, பக்கத்தின் அடியில் இரண்டே இரண்டு வரி. பார்த்ததிலிருந்து அடுத்த சில ஆட்டங்களில் என்ன நடக்கும் என்று நம்புகிறீர்களோ அது. நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். "அணி முன்னேறும்" என்பது செல்லாது. எத்தனை ஆட்டம் என்றும் போட வேண்டும். போடாவிட்டால் வருடக் கணக்கில் காத்திருந்து கடைசியில் நீங்களே ஜெயித்துவிடுவீர்கள்.

அந்த ஓமன் ராத்திரி நான் எழுதிய இரண்டு வரி இவை. ஒன்று: "உதாந்தாவும் ஆஷிக்கும் ரெண்டு விங்கிலும் பறக்கிறாங்க. அடுத்த நாலு ஆட்டத்துல ஓடும் பந்துல ஒரு கோலாவது வரும்." 15ஆவது நிமிடம் வாக்கில் உதாந்தா சிங் அடித்தது கிராஸ்பாரில் பட்டிருந்தது, அந்த மயக்கம்தான். இரண்டு: "70க்கு மேல கால் போயிடுது. இதைச் சரி பண்ண முடியும்னா அடுத்த நாலுல 70க்கு மேல கோல் வாங்கக் கூடாது." முதல் வரியை நம்பி எழுதினேன். இரண்டாவது வெறும் புலம்பல்.

ஐந்தே நாளில் தோஹா. எதிரில் கத்தார், அந்த வருடம்தான் ஆசியக் கோப்பை வாங்கியவர்கள். சேத்ரிக்குக் காய்ச்சல், ஆடவில்லை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து கேப்டன் பட்டையோடு பந்து பந்தாகத் தடுத்தார். 0-0. அந்தக் குரூப்பில் கத்தாரிடம் புள்ளி எடுத்த ஒரே அணி நாம்தான். அன்றைக்கு என் தெருவில் நான்தான் ஜோசியர்.

அக்டோபரில் கொல்கத்தாவில் வங்கதேசம். நம்மைவிடப் பல படி கீழே இருந்த அணி. 42ஆவது நிமிடத்தில் வாங்கினோம். 88இல் கார்னரில் ஆதில் கான் தலையால் முட்டிக் காப்பாற்றினார், 1-1. நவம்பரில் துஷான்பேயில் ஆப்கானிஸ்தான். இடைவேளைக்குச் சற்று முன் வாங்கினோம். 93இல் மறுபடி கார்னர், மறுபடி ஹெட்டர், இந்த முறை டூங்கெல், 1-1. அப்புறம் மஸ்கட்டில் ஓமன். 33இல் வாங்கினோம், திருப்பிக் கொடுக்கவில்லை, 0-1.

அன்று ராத்திரி நோட்டைப் பிரித்தேன். 70க்கு மேல் கோல் வாங்கினோமா? நான்கு ஆட்டத்திலும் இல்லை. வாங்காதது மட்டுமல்ல, நாம்தான் கடைசி நிமிடங்களில் போட்டிருக்கிறோம். புலம்பலாக எழுதிய வரிக்கு டிக். ஓடும் பந்தில் கோல்? சுழியம். ஓமனுக்கு எதிரான சேத்ரி கோலையும் சேர்த்தால் ஐந்து ஆட்டத்தில் மூன்று கோல், மூன்றும் நின்ற பந்து. ஆசையாக எழுதிய வரிக்குப் பெரிய ராங். விங்கில் பறந்ததெல்லாம் பறந்ததோடு சரி. முதல் ஆட்டத்திலேயே 'நின்ற பந்து' என்று என் கையாலேயே எழுதிவிட்டு, அதைப் பார்க்காமல் கிராஸ்பாரைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் காட்டினேன். "நோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தா மேட்ச் எப்போ தம்பி பாப்ப?" என்றார். நியாயமான கேள்விதான். ஆட்டம் ஓடும்போது எழுதாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு கொரோனா வந்து மீதி ஆட்டங்கள் நின்றன. 2021 ஜூன் 7, தோஹாவில் வங்கதேசம். சென்னையில் லாக்டவுன், அண்ணன் மேலே வரவில்லை, அவர் வீட்டு டிவி சத்தம் மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. 79ஆவது நிமிடத்தில் ஆஷிக் குருணியன் இடது பக்கமிருந்து கிராஸ் போட, சேத்ரி ஹெட்டர். இஞ்சுரி டைமில் சுரேஷ் சிங் பாஸில் சேத்ரியே இன்னொன்று. 2-0. இரண்டும் ஓடும் பந்து. கீழே இருந்து அண்ணன் கத்துவது கேட்டது.

பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். நான்கு ஆட்டம் என்று எழுதியது எழுதியதுதான், ராங்கை அடிக்கவில்லை. பக்கத்தில் மட்டும் பென்சிலில் 'இருபத்தொரு மாதம்' என்று எழுதினேன்.