கேபினட் ஃபேன்களை இணைப்பதும் அவற்றின் வேகத்தைச் சீராக்குவதும்

புதிதாகப் பொருத்திய கேபினட் ஃபேன் கணினியை இயக்கிய நொடியிலிருந்து இரைந்துகொண்டே இருந்தால், உடனே ஃபேனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) உள்ள ஒரே ஒரு தெரிவு தவறாக இருப்பதே அதற்குக் காரணம். முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் ஒன்றுமாக மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் கொண்ட சாதாரணக் கேபினட்டை எடுத்துக்கொண்டு, இணைப்பிலிருந்து வேகக் கட்டுப்பாடு வரை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: மின்சாரத்தைத் துண்டித்தல்

கணினியை ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்புற சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மதர்போர்டைத் தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: காற்றின் திசை

ஃபேனின் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி தெரியும்; மறுபக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காற்று திறந்த பக்கத்தில் நுழைந்து சட்டங்கள் உள்ள பக்கமாக வெளியேறும். எனவே முன்பக்க ஃபேன்களின் சட்டங்கள் கேபினட்டின் உட்புறத்தையும், பின்பக்க ஃபேனின் சட்டங்கள் வெளிப்புறத்தையும் நோக்க வேண்டும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், இண்டு இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும்.

படி 3: பின்களை அறிதல்

வேகக் கட்டுப்பாடு முழுவதும் இதைப் பொறுத்தே அமைவதால் இங்கே அவசரப்பட வேண்டாம். ஃபேன் கனெக்டரில் 3 அல்லது 4 துளைகள் இருக்கும். முதலாவது கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் தன் சுழற்சி வேகத்தை மதர்போர்டுக்குத் தெரிவிக்கும் கம்பி. 3 பின் ஃபேனில் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, அதற்குச் செல்லும் வோல்டேஜைக் குறைப்பதுதான்; பயோஸில் இதற்கு டிசி என்று பெயர். 4 பின் ஃபேனுக்கு 12 வோல்ட் மாறாமல் சென்றுகொண்டிருக்க, நான்காவது கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை விட்டுவிட்டு வரும் சமிக்ஞை, மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைச் சொல்லும், இதுவே பிடபிள்யூஎம்.

3 பின் ஃபேனை மாட்டிவிட்டு, அந்த ஹெடரை (மதர்போர்டில் ஃபேன் கனெக்டரை மாட்டும் பின் வரிசையை) பிடபிள்யூஎம் முறையில் விட்டுவைத்தால், ஃபேனுக்கு முழு 12 வோல்ட்டும் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகம் என்று நீங்கள் பயோஸில் என்ன வளைகோடு வரைந்தாலும் ஃபேன் அதைப் பொருட்படுத்தாது. முதலில் சொன்ன இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 4: மாட்டுதல்

கேபினட் ஃபேன்களுக்கான ஹெடர்கள் ஆசூஸ் போர்டுகளில் 'சிஎச்ஏ ஃபேன்' என்றும், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போர்டுகளில் 'சிஸ் ஃபேன்' என்றும் அச்சிடப்பட்டிருக்கும். 'சிபியூ ஃபேன்' என்பதைப் பிராசஸரின் கூலருக்கே விட்டுவிடுங்கள். ஹெடரின் ஓரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் நாக்கு, கனெக்டரின் வெளிப்புறத்தில் உள்ள இரு மேடுகளுக்கு நடுவே பொருந்த வேண்டும். 3 பின் கனெக்டரை 4 பின் ஹெடரில் மாட்டும்போது நான்காவது பின் வெறுமனே வெளியே நிற்கும், அதில் தவறேதும் இல்லை.

ஹெடர்கள் போதவில்லையென்றால், ஒரே ஹெடரில் பல ஃபேன்களை இணைக்கும் ஸ்பிளிட்டர் கேபிள் உதவும். ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் நடு ஸ்டிக்கரில் 0.20 ஆம்பியர் என்று இருந்தால் மூன்றைத் தாராளமாக இணைக்கலாம். ஸ்பிளிட்டரில் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே பயோஸுக்குத் தெரியும். மற்றவை நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது. விளக்குள்ள ஃபேன்களில் விளக்குக்கெனத் தனிக் கனெக்டர் இருக்கும். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் மாட்டினால் விளக்கு எரிந்துபோகும் என்பதால், போர்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் அதை மட்டும் செருகாதீர்கள்.

படி 5: பயோஸில் வேகத்தை அமைத்தல்

கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் செல்லுங்கள். ஆசூஸில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பெயரில் இந்தப் பகுதி இருக்கும். ஒவ்வொரு ஹெடருக்கும் முதலில் முறையைத் தேர்வு செய்யுங்கள்: 3 பின்னுக்கு டிசி, 4 பின்னுக்குப் பிடபிள்யூஎம். தானியங்கித் தெரிவு இருந்தாலும் கையால் அமைப்பதே எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

அடுத்து வளைகோடு. பிராசஸரின் வெப்பநிலை 40 டிகிரி வரை இருந்தால் வேகம் 35 சதவீதம், 60 டிகிரியில் 55, 75 டிகிரியில் 80, 85 டிகிரியில் 100 என்று தொடங்கலாம். 3 பின் ஃபேனாக இருந்தால் கீழ் எல்லையை 50 சதவீதமாக வையுங்கள். 12 வோல்ட்டில் 40 சதவீதம் என்பது 5 வோல்ட்டுக்கும் குறைவு என்பதால், சில ஃபேன்கள் அதில் சுழலத் தொடங்காமலேயே திணறும்.

இனி வருவதைப் பல விளக்கங்கள் தொடாமலே விட்டுவிடுகின்றன. ஒரு புரோகிராமைத் திறந்தாலே பிராசஸரின் வெப்பநிலை சட்டென்று பத்து, பதினைந்து டிகிரி ஏறி, மறுநொடி இறங்கிவிடும். கேபினட் ஃபேன்கள் அதைப் பின்தொடர்ந்தால் அவையும் ஏறி இறங்கி ஊளையிடும். சீரான இரைச்சலுக்குக் காது பழகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகாது. ஆகவே, வெப்பநிலைக்கான ஆதாரமாக மதர்போர்டைத் தேர்வு செய்யுங்கள். மதர்போர்டின் அளவு 35 முதல் 50 டிகிரிக்குள்ளேயே பெரும்பாலும் நகரும் என்பதால், மேலே சொன்ன புள்ளிகளையும் அதற்கேற்பக் கீழே இறக்க வேண்டும். பிராசஸரையே வைத்துக்கொள்ள விரும்பினால், 'ஸ்டெப் அப்', 'ஸ்டெப் டவுன்' போன்ற தாமத அளவுகளைக் கூட்டுங்கள்.

விளையாட்டுகளுக்காகவே கணினி வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலை பெரும்பாலான பயோஸ்களுக்குத் தெரியாது. விண்டோஸில் 'ஃபேன் கண்ட்ரோல்' என்ற இலவச மென்பொருள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

படி 6: சோதித்தல்

வழக்கமான வேலையையோ விளையாட்டையோ அரை மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால், காற்று நுழையும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் முன்பக்கத் தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள்.