‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை: .22 ரைபிளில் ஃபயரிங் பின் மாற்றுவது

கை மாறி வந்த என் .22 செமி ஆட்டோ ரைபிள் (ஒரு அழுத்தத்துக்கு ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் வகை) ஒரு நாள் 10 தோட்டாவில் மூன்றை வெடிக்காமல் விட்டது. தோட்டாவைத்தான் திட்டினேன். அடுத்த வாரம் ஆறு வெடிக்கவில்லை. அப்போதுதான் வெடிக்காத தோட்டா ஒன்றைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

என்னுடையது போன்ற ரிம்ஃபயர் ரைபிளின் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் இருக்கிறது. விசையை அழுத்தியதும் முன்னால் பாயும் ஃபயரிங் பின், அந்த விளிம்பைச் சேம்பரின் (குழாயில் தோட்டா உட்காரும் இடம்) ஓரத்தோடு வைத்து நசுக்கும்போதுதான் அது பற்றும். ஆகவே என்ன நடந்தது என்பது விளிம்பில் விழுந்த பள்ளத்திலேயே தெரிந்துவிடும். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா? அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி சுடுங்கள். இப்போது வெடித்தால் விளிம்பில் மருந்து ஒரே சீராகப் பரவவில்லை, குறை தோட்டாவில். பள்ளம் மேலாக இருந்தால் போல்ட்டில் (ஃபயரிங் பின்னைத் தாங்கி, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் எஃகுக் கட்டை) அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த பின் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். பள்ளமே இல்லை என்றாலோ, பாதிதான் பதிந்திருக்கிறது என்றாலோ, பின் உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்குப் பாதிதான் பதிந்திருந்தது.

‘டிக்’ சத்தம் மட்டும் கேட்டால் உடனே போல்ட்டை இழுக்காதீர்கள். தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். குழாயை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடியாவது காத்திருங்கள். நான் மனசுக்குள் அறுபது எண்ணுவேன்.

பின் உடைந்தது தெரிந்த பிறகு “இன்னும் பத்து சுட்டுப் பார்ப்போம்” என்பது கூடவே கூடாது. உடைந்த முனை முன்பக்க ஓட்டையில் வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே, விசையைத் தொடாமலே தோட்டா வெடித்துவிடும். போல்ட் முழுதாக மூடாத நிலையில் அது நடந்தால் பித்தளைத் துணுக்கு முகத்துக்குத்தான் வரும்.

சரி, பிரிக்கலாம். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) எடுத்துவிடுங்கள், போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டு விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். வேலை செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. என்னுடையதை அடுத்த அறை அலமாரியில் வைத்துவிட்டு வருவேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தள்ளும் ஸ்பிரிங் கையிலிருந்து நழுவினால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த ஆணி, எந்தத் திருகு முதலில் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் ரைபிளின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள். குறிப்பாக, ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் குறுக்கு ரோல் பின்னைத் தட்டுவதற்கு முன் ஒரு படம். ரோல் பின் என்பது தகட்டைச் சுருட்டிய உள்ளீடற்ற ஆணி. சாதாரணப் பஞ்ச் (ஆணியைத் தட்டி வெளியே தள்ளும் எஃகுக் கம்பி) கொண்டு அடித்தால் அதன் வாய் விரிந்து அங்கேயே இறுகிவிடும். முனையில் சின்னக் குமிழ் உள்ள ரோல் பின் பஞ்ச், அதுவும் சரியான அளவில் வேண்டும். போல்ட்டை மரக்கட்டை மேல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டினால் போதும்.

என் ஃபயரிங் பின் தட்டையான தகடு மாதிரி. முன்முனை உளி போல இருக்கும். அந்த உளிக்கு ஒரு நகக்கண் தூரம் பின்னால், தகடு ஒடுங்கும் மூலையில் உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுத்துப் போயிருந்தது, மீதி பளபளவென்று இருந்தது. அதாவது ரொம்ப நாளாகவே விரிசல் இருந்திருக்கிறது. முனைத் துணுக்கு உள்ளேயே நின்றுகொண்டது. முன்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் தள்ளி எடுத்தேன்.

ஏன் உடைந்தது? நான்தான் காரணம். சுத்தம் செய்து முடித்த கையோடு காலி ரைபிளில் விசையை அழுத்தி ஒரு ‘டக்’ விடுவது என் பழக்கம். பல ரிம்ஃபயர்களில் தோட்டா இல்லாவிட்டால் பின் நேராகச் சேம்பரின் எஃகு ஓரத்தில் போய் மோதும். ரூகர் 10/22 போன்ற சிலவற்றில் அப்படி மோதாதபடி தடுப்பு உண்டு. உங்களுடையதில் உண்டா என்று கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். ஒன்று மெழுகு மாதிரி தேயும், இல்லை கண்ணாடி மாதிரி ஒடியும். மாடல் பெயர், வரிசை எண் இரண்டையும் கொடுத்து அசல் பாகத்தை வாங்குங்கள். ஒரே மாடலிலேயே இடையில் வடிவம் மாறியிருக்கக்கூடும். உதிரி பாகம் வாங்கவும் மாற்றவும் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வாங்கியது அசல் இல்லை, “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” வகை. பொருந்தத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம் நீளம். சில நூறு தோட்டாவுக்குப் பிறகு காலிக் கூடுகள் சேம்பரில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் சேம்பர் ஓரத்தில் பின்னின் அச்சில் ஒரு குழி, அதன் பக்கத்தில் உள்ளே தள்ளிய பிசிறு. அரத்தை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அங்கே இரும்பைக் குறைத்தால் பித்தளைக் கூட்டுக்கு அந்த இடத்தில் பிடிமானம் இருக்காது, பிளந்துவிடலாம். பிசிறைத் தள்ளி நேராக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன், அவர் செய்து தந்தார்.

அதனால் இப்போது அளக்காமல் மாட்டுவதில்லை. .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டா விளிம்பின் கனம் கிட்டத்தட்ட 1.1 மி.மீ. பின்னை முழுக்க முன்னால் தள்ளிப் பிடித்து, போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு நீட்டுகிறது என்று காலிப்பரின் ஆழக் கம்பியால் பாருங்கள். 1.1-ஐ எட்டவே கூடாது. தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு.

மாட்டுவதற்கு முன்னால், ஃபயரிங் பின் ஓடும் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். மெழுகும் ஈயமும் கரியும் கலந்த கறுப்புக் களிம்பு அங்கே அப்பியிருக்கும். பல்குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். துடைத்துக் காய வைத்துவிடுங்கள். எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்; அதிகம் விட்டால் அழுக்கைச் சேர்த்துப் பின்னின் வேகத்தைக் குறைக்கும். பின் உள்ளே உரசாமல் ஓட வேண்டும். ரோல் பின் புதிதாகவே போடுங்கள், இரு முனையும் போல்ட்டின் மேல்பரப்புக்குள் அடங்க வேண்டும்.

காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் உடைந்திருந்தாலும் இதே மாதிரிதான், இன்னும் சுலபம். ஒரே தொல்லை அதன் குட்டி ஸ்பிரிங். போல்ட்டை உள்ளே தெரிகிற ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். ஆனால் விசைக்குள் இருக்கும் கொக்கிகளில் ஏதாவது உடைந்தாலோ தேய்ந்தாலோ நான் கை வைப்பதில்லை. அங்கே ஒரு மயிரிழை தவறினாலும் ரைபிள் தானாகவே சுடும்.

பூட்டிய பிறகு ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு விசையையும் பாதுகாப்புப் பூட்டையும் சோதியுங்கள். அப்புறம் ரேஞ்சில் முதலில் ஒரே ஒரு தோட்டா. அது சரி என்றால் மேகசினில் இரண்டு மட்டும். ஒரு அழுத்தத்துக்கு இரண்டும் சேர்ந்து போனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஐந்து, பத்து. நான் முதல் 50 கூட்டையும் பொறுக்கி வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஆழம், ஒரே இடம். வீட்டுக்கு வந்ததும் போல்ட்டை மறுபடி கழற்றி, ரோல் பின் நகரவில்லை என்பதையும் சேம்பர் ஓரத்தில் புதுக் கோடு விழவில்லை என்பதையும் பார்த்தேன். இந்த முறை ‘டக்’ விடவில்லை.