இங்கிலாந்தில் கால்வாயோரம் மெரினா வெட்ட நினைப்பவர்கள் முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

மெரினா என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரைதான் ஞாபகம் வரும். இங்கிலாந்துக் கால்வாய்களில் அது படகு நிறுத்தத் தோண்டும் குளம். கரையோரம் ஒரு வயல் விலைக்கு வருகிறது, வெட்டிவிட்டால் வாடகை வரும் என்று கணக்குப் போட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் கால்வாயைப் பராமரிப்பவர்களிடம் போங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழிகள் 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன.

அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டினால் நிரப்பவே ஒன்றரைக் கோடி லிட்டர். அதுகூட ஒரு தடவைதான். படகுகள் கூடக்கூட, ஏறி இறங்க உதவும் லாக் தொட்டிகளும் அடிக்கடி திறக்கும், குறுகிய லாக்கே ஒவ்வொரு தடவையும் சுமார் ஒரு லட்சம் லிட்டரை மேலிருந்து கீழே விட்டுவிடும். இரண்டு பக்கமும் இறங்குகிற உச்சிப் பகுதியில் இடம் பார்த்தால் கோடையில் திண்டாட்டம்தான். சற்றுக் கீழே தேடுங்கள்.

அடுத்தது உள்ளூர் கவுன்சிலின் திட்ட அனுமதி. கிரீன் பெல்ட், அதாவது நகரம் பரவாமல் தடுக்க ஒதுக்கிய நிலம் என்றால் இன்னும் கடினம். வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் மெரினா வரலாம், விதிகள் அதை ஏற்கின்றன. சிக்கல் தோண்டிய மண்ணில். 15,000 கன மீட்டரை அங்கேயே குவித்தால் வெள்ளம் பக்கத்து வீட்டுக்குப் போகும், வெளியே அனுப்பினால் லாரிக்குப் 10 கன மீட்டர் வீதம் 1,500 நடை. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கிராமச் சாலையில் அது நடக்குமா? ஊர்க்காரர்களிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ப் பேசுங்கள், அவர்கள் பயம் நியாயமானது.

பக்கத்தில் குட்டை இருந்தால் கொண்டை நியூட் இருக்கலாம். பல்லி போன்ற உருவம், சட்டம் காக்கும் உயிர். உயிரியல் ஆய்வாளர்கள் இரவில் டார்ச் அடித்துத் தேடுவார்கள், இலையை மடித்து முட்டை வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் இந்த ஆய்வு, தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

படகிலேயே குடியிருப்பவர்களுக்கும் இடம் தரப்போகிறீர்கள் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். உல்லாசப் படகுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக் குடியிருக்க விட்டால், பிற்பாடு வீடிழப்பது அவர்கள்தான்.

அப்புறம் பணம். கால்வாயோடு இணைவதற்கு டிரஸ்ட் நெடுங்காலமாகக் கேட்டுவருவது, எல்லா இடமும் நிரம்பினால் வரக்கூடிய வாடகையில் 9 சதவீதம். பாதி காலியாக இருந்தாலும் கணக்கு அதுதான், வங்கியிடம் போகும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கால்வாயிலிருந்து மெரினாவுக்குள் படகு நுழையும் வாசலை, முன்பு குதிரைகள் படகிழுத்த பாதைக்கு எதிர்க்கரையில் வையுங்கள், இல்லாவிட்டால் பாதைக்குப் பாலம் கட்ட வேண்டிவரும். அந்த வாசலைக் கடைசியாக, படகு குறைவான குளிர்காலத்தில் வெட்டுங்கள். இருநூறு வருஷத்துக்கு முன் மிதித்துப் பிசைந்த களிமண்தான் பழைய கால்வாய்களில் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. வெட்டின இடத்தில் புதுக் களிமண்ணைப் பழையதோடு ஒட்டிப் பிசைந்து மூடின பிறகுதான் தண்ணீர் விட வேண்டும்.