கீழடிக்குப் போனால் தங்கத்தைத் தேடாதீர்கள்

மதுரையிலிருந்து சிலைமான் பக்கமாகப் போனால் 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து, விடுமுறை வந்தால் பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது. போகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, "தங்கம் எங்கே வச்சிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே நடப்பது. தங்கம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். நின்று பார்க்க வேண்டியது ஓட்டாஞ்சில்லை.

போன முறை அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். வட்டச் சில்லுகளைப் பார்த்ததும், "மாமா, இது பாண்டி ஆடுற சில்லுதானே?" என்றாள். அதேதான். உடைந்த பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் சுமார் 600 கிடைத்தன. பானையை உடைத்ததற்கு யாரோ திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தக்களியையும் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். நடுவில் ஓட்டையோடு பெரிய பாசிமணி மாதிரி இருக்கும். அந்த ஓட்டையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு நூலாகும்.

கருப்பு சிவப்புப் பானையைப் பார்த்து, "உள்ளே கருப்பு பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள் உண்டு. பெயின்ட் இல்லை. கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்று போகாத உட்புறம் கருத்தது, காற்று பட்ட வெளிப்புறம் சிவந்தது. ஓட்டில் 'ஆதன்' என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் உடனே அவரை ராஜாவாக்கவும் வேண்டாம். தன் பானை என்று தெரிய யாரோ கீறிவைத்த பெயராகவே இருக்கலாம்.

அப்புறம், கீழடி என்றாலே எல்லாம் கி.மு. 580 என்று சொல்லிவிடுவது. அது 353 செ.மீ. ஆழத்தில் காலத்தைக் கணிக்க எடுத்த ஒரு மாதிரியின் காலம். 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த இன்னொன்று கி.மு. 205 என்று வந்தது. பொதுவாக மேலே வர வர வயது குறையும். அதனால்தான் ஆய்வாளர்கள் குழியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து அளந்து இறங்குகிறார்கள். ஒரு ஓட்டின் கதையில் பாதி அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது.

வைகைக் கரை ஊர்களில் நடக்கிற பெரிய தவறும் இதை ஒட்டியதுதான். தென்னைக்குக் குழி வெட்டும்போது ஓடோ தாழியோ தட்டுப்பட்டால் ஆர்வத்தில் பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். வேலையை நிறுத்தி, இருந்த இடத்திலேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். தோட்டமே போய்விடும் என்று பயந்து மறுபடி மண்ணைத் தள்ளி மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுவதே நல்லது.

எங்கள் பெரியப்பா வீட்டு ஷோகேஸில் அப்படி வந்த ஓடு ஒன்று இருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனை அடி ஆழம் என்று கேட்டால் அவருக்கே ஞாபகமில்லை. பெரியம்மா அதைப் புளி போட்டு வேறு தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார்.