எம்-25 கான்கிரீட்டுக்கு லேபில் டிரையல் மிக்ஸ் போடுவது எப்படி?

மிக்ஸ் டிசைனை, அதாவது எந்தப் பொருள் எவ்வளவு என்ற கணக்கை, தாளில் போட்டு முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. குவாரியிலிருந்து வந்து இறங்கியிருக்கிற எம்-சாண்டில் (பாறையை உடைத்துச் செய்த மணல்) அந்தக் கணக்கு நிற்குமா என்பது கலந்து பார்த்தால்தான் தெரியும். முதல்முறை லேபுக்குள் வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அட்மிக்சர் (கலவையின் தன்மையை மாற்றும் ரசாயனம்) சேர்க்காத எளிய கலவையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இலக்கு. எம்-25 என்றால் 28-ஆம் நாள் அழுத்த வலிமை 25 நியூட்டன்/ச.மி.மீ. வந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சைட்டில் போடும் கான்கிரீட் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதற்கு இடம் விட்டு ஐ.எஸ். 10262 (2019) என்ற இந்தியத் தர விதி ஒரு சூத்திரம் தருகிறது: 25 + (1.65 × 4) = 31.6. இதில் 4 என்பது எம்-25-க்கு எடுக்கும் திட்ட விலக்கம், அதாவது வலிமை ஏறி இறங்கும் அளவு. லேபில் நாம் துரத்த வேண்டிய எண் இதுதான்.

அடுத்து அளவுகள். 20 மி.மீ. ஜல்லி, 50 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கியதும் கலவை இறங்கும் உயரம், இளக்கத்தின் அளவு) என்றால் கன மீட்டருக்கு 186 கிலோ தண்ணீர். ஒவ்வொரு 25 மி.மீ. கூடுதல் ஸ்லம்ப்புக்கும் 3 சதவீதம் ஏற்ற வேண்டும். நமக்கு 100 மி.மீ. வேண்டும், ஆகவே 197 கிலோ. நீர்–சிமென்ட் விகிதம் 0.50 என்று வைத்தால் சிமென்ட் 394 கிலோ. ஜல்லியின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம்) 2.70, மணலுக்கு 2.65, மணல் இரண்டாம் மண்டலம் (துகள் அளவை வைத்துப் பிரிக்கும் வகை) என்று எடுத்தால், ஒரு கன மீட்டரில் சிமென்ட், தண்ணீர், காற்று போக மீதிக் கன அளவில் ஜல்லி 1118 கிலோ, எம்-சாண்ட் 673 கிலோ வரும். உங்கள் பொருளுக்கு ஒப்படர்த்தி வேறாக இருக்கும். சோதித்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

ஆறு கியூப் (உடைத்துச் சோதிக்கும் 150 மி.மீ. கனசதுரக் கட்டி) வார்க்க 20 லிட்டர் கொஞ்சம் கூட வேண்டும். ஸ்லம்ப்புக்கும் சிந்துவதற்கும் சேர்த்து 30 லிட்டராகக் கலக்கலாம். அப்படியென்றால் சிமென்ட் 11.82, தண்ணீர் 5.91, ஜல்லி 33.54, மணல் 20.19 கிலோ.

மணலில் இருக்கும் தண்ணீர்

டிரையல் சொதப்பினால் பலரும் உடனே விகிதத்தை மாற்றப் போகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மணலின் ஈரத்தைத்தான். மேலே வந்த எடையெல்லாம், உள்ளே நீர் குடித்து மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலையில் இருக்கும் ஜல்லிக்கும் மணலுக்கும் உரியவை. லேபில் அந்த நிலையில் அவை கிடைப்பது அபூர்வம்.

ஒரு கணக்கு பார்ப்போம். மணலின் நீர் உறிஞ்சும் திறன் 3 சதவீதம், இப்போது இருக்கும் ஈரம் 1 சதவீதம். 20.19-ஐ 1.03-ஆல் வகுத்தால் முழுக்கக் காய்ந்த மணல் 19.60 கிலோ. அதோடு 1 சதவீத ஈரம் சேர்த்தால் 19.80. தராசில் நிறுக்க வேண்டியது இதைத்தான். மீதி 0.39 கிலோவை மணல் நம் தண்ணீரிலிருந்து குடித்துக்கொள்ளும். காய்ந்த ஜல்லியின் உறிஞ்சல் 0.5 சதவீதம் என்றால் 33.37 கிலோ நிறுத்து, அதற்கும் 0.17 கிலோ தண்ணீர். ஆக ஊற்ற வேண்டியது 5.91 இல்லை, 6.47 கிலோ. அரை லிட்டருக்கு மேல் வித்தியாசம்! இதைக் கவனிக்காமல் கலந்தால் கலவை வறண்டு நிற்கும், ஸ்லம்ப் வராது, கியூப் மட்டும் அதிக வலிமை காட்டி நம்மை ஏமாற்றும். மழையில் நனைந்த மணலென்றால் நேர்மாறு: ஸ்லம்ப் ஏறும், வலிமை இறங்கும். அதனால் கலக்கும் அன்று காலையிலேயே மணல், ஜல்லி இரண்டிலும் மாதிரி எடுத்து ஈரத்தைப் பாருங்கள். நேற்றைய எண் வேண்டாம்.

கலப்பதும் வார்ப்பதும்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஈர சிமென்ட் தோலை அரித்துவிடும். மிக்சரின் உட்புறத்தில் முதலில் கொஞ்சம் சிமென்ட்–மணல் சாந்து பூசி வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நம் கலவையின் சாந்தை அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் பாதி ஜல்லி, மணல், சிமென்ட், மேலே மீதி ஜல்லி, கடைசியில் தண்ணீர். எல்லாம் போன பிறகு குறைந்தது 2 நிமிடம் சுற்றட்டும்.

கொட்டியதும் ஸ்லம்ப். கூம்பின் உட்புறத்தை ஈரப்படுத்தி, மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்குக் கம்பியால் 25 குத்து. கூம்பை நேர் மேலே, ஆட்டாமல் தூக்குங்கள். கான்கிரீட் ஒரு பக்கமாகச் சரிந்தால் அந்த அளவை எழுதாதீர்கள், திரும்பச் செய்யுங்கள். ஸ்லம்ப் குறைவு என்பதற்காக மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றி அதே கலவையில் கியூப் வார்ப்பது கூடவே கூடாது. தண்ணீரைக் கூட்டினால் விகிதம் மாறாதபடி சிமென்ட்டையும் கூட்டி, புதிதாக இரண்டாவது டிரையல் போட வேண்டும்.

150 மி.மீ. மோல்டுக்கு லேசாக எண்ணெய் தடவி, மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் 35 குத்து. மூலைகளை மறக்க வேண்டாம். கரணையால் மேற்பரப்பைச் சமன் செய்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். மறுநாள் கழற்றி, தேதியும் டிரையல் எண்ணும் எழுதி, தொட்டியில் போடுங்கள். தண்ணீர் 27 டிகிரி செல்சியஸ், 2 டிகிரி கூடலாம், குறையலாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி இந்த வரம்பில் நிற்காது. போடும் முன் ஒரு கியூபை நிறுத்துப் பாருங்கள். நம் கணக்குப்படி சுமார் 8 கிலோ இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால் உள்ளே காற்று நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

உடைப்பது

7-ஆம் நாள் மூன்று, 28-ஆம் நாள் மூன்று. தொட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, ஈரத்தோடே உடைக்க வேண்டும். கரணை பட்ட சொரசொரப்பான முகம் பக்கவாட்டில் இருக்கட்டும். மோல்டின் தகடு பட்ட வழவழப்பான இரண்டு முகங்கள்தான் மேலும் கீழும் வர வேண்டும். சுமையை நிமிடத்துக்கு 315 கிலோ நியூட்டன் வேகத்தில் ஏற்றுங்கள். அவசரமாக ஏற்றினால் எண் பொய்யாகக் கூடும். 31.6 வேண்டுமென்றால் ஒரு கியூப் ஏறக்குறைய 711 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுப்பை நம்பாதீர்கள். ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட்) சிமென்ட்டில் 7-ஆம் நாளிலேயே 28-ஆம் நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். பி.பி.சி. (சாம்பல் போன்ற போசலானா பொருள் கலந்த சிமென்ட்) கொஞ்சம் மெதுவாக ஏறும்.

ஸ்லம்ப் சரியாக அமைந்த கலவையின் தண்ணீரை அப்படியே வைத்து, விகிதத்தை 0.45, 0.55 என்று மாற்றி இன்னும் இரண்டு டிரையல் போடுங்கள். முதல் தண்ணீரே சரியாக அமைந்திருந்தால் சிமென்ட் முறையே 438, 358 கிலோ; மணலும் ஜல்லியும் அதற்கேற்ப மாறும். மூன்று முடிவுகளையும் வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால் 31.6-க்கு நேரான விகிதம் கிடைக்கும். அது 0.52 என்று வந்தாலும் மிதமான சூழலில் நிற்கும் ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) வேலைக்கு 0.50-ஐத் தாண்ட முடியாது. ஐ.எஸ். 456 அந்த வரம்பை வைத்திருப்பது கம்பி துருப்பிடிக்காமல் நீடிப்பதற்காக. தேர்ந்தெடுத்த கலவையை சைட் மிக்சரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அங்கே குவிந்திருக்கும் மணலின் ஈரத்துக்கு மறுபடி திருத்திய பிறகு சென்ட்ரிங் மேல் ஏற்றலாம்.