ஏப்ரல், மே மாதங்களில் கேமரன் மலை ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையடிவாரத்துத் தாப்பாவில் காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில் அடித்தால், இன்று மழை இல்லை என்று முடிவு கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வார இறுதியிலும் மே தின விடுமுறையிலும் பீடோர், தெமோ வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வண்டிகள் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த வெயில்தான் பிற்பகல் மழைக்கே காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் மாதத்தோடு ஓய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில்தான் நிலைகொள்கிறது. இடைப்பட்ட வாரங்களில் காற்று வலுவில்லாமல், திசை மாறி மாறி வீசும். காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று தித்திவங்சா மலைச்சரிவு வழியாக மேலே ஏறி, மேகமாகக் குவிந்து, பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கிறது. கேமரன் மலையில் ஆண்டின் அதிக மழை பெய்யும் மாதங்களில் ஏப்ரலும் மேயும் அடங்கும். எனவே பார்க்க வேண்டியது எந்த நாள் என்பதை மட்டுமல்ல, எந்த நேரம் என்பதையும்தான். மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் முன்னறிவிப்பில் காலை, பிற்பகல், இரவு என்று தனித்தனியாகவே கொடுக்கிறார்கள்.

முன்னறிவிப்பைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்றால் லேசான மழை என்று பொருள் கொள்கிறார்கள். அது மழை பெய்யும் பரப்பைச் சொல்கிறது, வலுவைச் சொல்லவில்லை. அந்த ஓரிடம் நீங்கள் போகும் சாலையாக இருந்தால், உங்களுக்கு அது முழு மழைதான். இதைவிடக் கவலை தருவது வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கைகள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய இடிமழைக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை, ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லுபடியாகாது. நேற்றைய எச்சரிக்கை இன்று குடும்பக் குழுவில் வந்து விழுகிறது. ஒருவர் பயந்து பயணத்தை நிறுத்துகிறார். அடுத்த வாரம் உண்மையான எச்சரிக்கை வரும்போது, ‘இது பழசு’ என்று அதே ஆள் தள்ளிவிடுகிறார். பகிர்வதற்கு முன் தேதியையும் மணியையும் பாருங்கள். அவை இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள்.

தாப்பா சாலையோரத்து லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்குவோருக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் இருக்கலாம். ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கூடுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பாயையும் சோற்றுப் பாத்திரத்தையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கரையேறிவிடுங்கள். எடுத்து வைக்க நேரம் இருக்காது. 1996 ஆகஸ்ட் 29 அன்று, நமக்குப் பக்கத்தில் கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தில், மலையிலிருந்து சேறும் மரங்களுமாக இறங்கிய வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோனது. மாதம் வேறு என்றாலும் மலை அதே தித்திவங்சாதான்.

இன்று மழை இல்லை, அதனால் சரிவு பத்திரம் என்று நினைப்பதும் ஆபத்து. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பல நாள் தொடர்ந்து பெய்த மழையே முக்கியக் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. வாரம் முழுக்க நனைந்த சரிவு, வெயில் அடிக்கும் நாளிலும் சரியலாம். சாலையோரச் சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டு விழுந்தாலும், மண் கலந்த நீர் புதிதாகக் கசிந்தாலும், அங்கே படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

குளிரும் ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். மழையில் நனைந்த குழந்தைக்குக் காற்றும் சேர்ந்தால் வெடவெடவென்று நடுங்கும், மாற்றுத்துணி கட்டாயம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் தேயிலைச் சரிவில் நிற்கக் கூடாது. சுவரில்லாத தகரக் கொட்டகையும் மரத்தடியும் பாதுகாப்பல்ல. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

விடியலில் கிளம்பினால் எப்போதும் தப்பலாம் என்றும் இல்லை. சுமத்ராப் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடியற்காலையில்தான் மேற்குக் கரையைத் தாக்கும். அது ஓய்ந்த பிறகே புறப்படுங்கள். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டை மலையில் முடித்த கையோடு இறங்கத் தொடங்கலாம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால், தாப்பா சாலையை விட்டுச் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கிவிடலாம் என்று வண்டியைத் திருப்பாதீர்கள். அந்தச் சாலையும் மலைச்சரிவை வெட்டிப் போட்டதுதான். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ ஒரு கடையில் உட்கார்ந்து, மழை நின்று, சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இறங்குங்கள்.