மாய உலக கேம் பிள்ளைக்கு ஏற்றதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டிராகன், மந்திரக்கோல், பேசும் மரம் எல்லாம் இருந்தால் அது சின்னப் பிள்ளைகளுக்கான கேம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘தி விட்சர் 3’ முழுக்கப் பூதங்களும் சூனியக்காரிகளும்தான். ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் பெகி அமைப்பு அதற்குக் கொடுத்திருப்பது 18.

அதனால் முதலில் ரேட்டிங். பெகியில் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள். வட அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி.யில் ‘இ’ எல்லாருக்கும், ‘இ10+’ பத்து வயதுக்கு மேல், ‘டி’ 13, ‘எம்’ 17. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இ.எஸ்.ஆர்.பி.யில் 10+, பெகியில் 12. இப்படி வந்தால் கூடுதல் வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிடப் பயன்படுவது அதன் பக்கத்திலுள்ள சிறு குறிப்பு: வன்முறை, பயம், கெட்ட வார்த்தை, சூதாட்டம், கேமுக்குள் வாங்கும் வசதி. ஒன்று நினைவிருக்கட்டும்: பெகி எண் கடினத்தைச் சொல்வதில்லை. 7 என்று போட்ட கேமை ஏழு வயதுப் பிள்ளையால் விளையாடவே முடியாமல் போகலாம்.

அடுத்து, டிரெய்லரை விட்டுவிடுங்கள், அது விளம்பரம். யாரும் பேசாமல் விளையாட்டை மட்டும் காட்டும் ‘நோ காமெண்டரி’ வீடியோவைத் தேடி மூன்று இடங்களில் பத்துப் பத்து நிமிடம் பாருங்கள்: தொடக்கம், நடுவில் ஊர் மக்களோடு பேசும் பகுதி, ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரியோடு ஒரு சண்டை. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். விளையாடக் கற்றுக்கொடுக்கும் பகுதி என்பதால் அது பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும்.

சண்டையில் கவனிக்க வேண்டியது, அடி வாங்குவது யார், அடித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான். பச்சைக் கூழ் உருண்டை ஒன்று வாள் பட்டதும் ‘பொளக்’கென்று வெடித்து நாணயமாகச் சிதறினால் பிள்ளைக்கு அது பலூன் உடைப்பதுபோல. அதே வாள் ஒரு கொள்ளைக்காரன் மேல் பட்டு, அவன் மண்டியிட்டுக் கெஞ்சி, உடல் அங்கேயே கிடந்து, அதன் சட்டைப்பையைத் துழாவினால்தான் பரிசு என்றால் விஷயமே வேறு. பெகியும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது: மாய உருவங்கள் மீதான வன்முறை சற்று அப்பட்டமானால் 12, நிஜ வாழ்க்கையில் நடப்பதுபோல் தெரிந்தால் 16.

ஒலியைக் கூட்டிவைத்தே பாருங்கள். சிறு பிள்ளைகளைத் திரையில் தெரியும் அரக்கனைவிட, அவன் தெரிவதற்கு முன் குகைக்குள் கேட்கும் மூச்சுச் சத்தம் அதிகம் மிரட்டும்.

என் கணக்கில் ரத்தத்தைவிடத் தொல்லை தருவது பணம். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாங்கும் பரிசுக்கு லூட் பாக்ஸ், காச்சா என்று பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது குலுக்கல்தான். அரிய வீரன் கிடைக்கும் வாய்ப்பு ஒரு முறைக்கு 1 சதவீதம் என்று போட்டிருந்தால், நூறு முறை இழுத்தால் கட்டாயம் வந்துவிடும் என்று பிள்ளை நம்பும். பெரியவர்களும் நம்புகிறார்கள். வேறு உத்தரவாதம் எதுவும் கேமில் இல்லையென்றால், நூறு முறை இழுத்த நூறு பேரில் சுமார் 37 பேருக்கு அந்த வீரன் கிடைத்திருக்காது. இப்படிக் குலுக்கல் இருப்பதைத் தனியாகச் சொல்லும் குறிப்பை இ.எஸ்.ஆர்.பி. 2020 முதல் போடுகிறது. இன்னொரு தந்திரம் வைரம், ரத்தினம் என்ற கேம் நாணயம். பொருளின் விலை 120 வைரம், கடையில் கிடைப்பதோ 100, 500 கட்டுகள்தான். மிச்சம் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களோடு பேச முடியுமா என்றும் பாருங்கள். பேசும் வசதி உண்டு என்று லேபிள் சொல்லும். அங்கே பேசப்படுவதை இ.எஸ்.ஆர்.பி. மதிப்பிடுவதில்லை. கணினியில் மோட், அதாவது வெளியாட்கள் கேமில் செய்யும் மாற்றம், போடலாம் என்றால் அதுவும் இதே கதைதான். ரேட்டிங் மூல கேமுக்கு மட்டுமே. யாரோ செய்த மோட் அதற்குள் எதையும் கொண்டுவரலாம்.

கேம் சரி என்று முடிவான பிறகு, அதைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள், சரியான பிறந்த ஆண்டோடு. வயது வடிகட்டி, செலவு வரம்பு பூஜ்யம், குரல் சாட் நிறுத்தம், இவற்றைப் பிள்ளை மாற்றாதபடி பூட்டும் ரகசிய எண் (PIN) என்ற வரிசையில் அமையுங்கள். பலர் தங்கள் கணக்கிலேயே விளையாட விடுகிறார்கள். அப்போது பிள்ளையின் கணக்கில் போடும் கட்டுப்பாடு எதுவும் வேலை செய்யாது, சேமித்த கார்டும் திறந்தே கிடக்கும். பிறகு மாற்றலாம் என்றால், அதுவரை ஆடிய முன்னேற்றம் புதிய கணக்குக்குப் பெரும்பாலும் வராது, பிள்ளையும் விடாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் தினமும் வீட்டில் சண்டை மூட்டுவது: எங்கே வேண்டுமானாலும் சேமிக்க முடியுமா? குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே சேமிக்கும் கேமில் “இப்பவே அணை” என்றால் அரை மணி நேர உழைப்பு போய்விடும், அழுகை நியாயமானதே. அப்படிப்பட்ட கேமுக்கு நேரத்தை நிமிடத்தில் அளக்காமல் “அடுத்த சேமிப்பு இடம் வந்ததும் நிறுத்து” என்று சொல்லுங்கள். அது எவ்வளவு தூரத்தில் வரும் என்பதை முன்பு சொன்ன ‘நோ காமெண்டரி’ வீடியோவிலேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.